பழனி மலையின் புல்வெளியை அறிந்தவர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரின் மேல்தட்டில் 1973இல் இருந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 2014க்குள் இல்லாமல் போய்விட்டது. மண் சரிந்து போகவில்லை, நகரம் விழுங்கவும் இல்லை. அதன்மேல் மரங்கள் வளர்ந்துவிட்டன. மரம் வளராத இடங்களில் காய்கறித் தோட்டங்கள் வந்துவிட்டன. எம். அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட கணக்கு இது. மரம் வளர்ந்ததை இழப்பு என்று சொன்னால் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விளங்காது. பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, எவ்வளவு அழகான காடு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நூறாண்டுக்கு மேலாக அரசுப் பதிவேடுகளும் அப்படித்தான் பார்த்தன: மரம் இருந்தால் காடு, இல்லாவிட்டால் தரிசு.

புல்வெளி எப்படி அழிந்தது என்பது பலர் எழுதியாகிவிட்ட விஷயம். என்னை விடாமல் பிடித்திருப்பது வேறு கேள்வி. இந்தப் புல்வெளியைப் பற்றிய உண்மைகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தன. அது எவ்வளவு பழமையானது என்று ஒருவர் அறிந்திருந்தார். மரம் நட்டால் ஓடையில் எவ்வளவு நீர் குறையும் என்று இன்னொருவர் அளந்து வைத்திருந்தார். எந்தப் புல் எங்கே முளைக்கும் என்று வேறொருவர் பெயரோடு எழுதி வைத்திருந்தார். இத்தனையும் தெரிந்திருந்தும் மலைக்குப் பலன் கிடைக்கவில்லை. அவை ஒன்றையொன்று சந்திக்கத் தொடங்கிய பிறகுதான் மலையில் செய்யக்கூடிய ஒரு முடிவு உருவானது. சந்தித்தபோது அவை வெறுமனே ஒன்றோடு ஒன்று கூடவில்லை. ஒன்று மற்றொன்றைத் திருத்தியது. அறிவு வலைப்பின்னல் என்று சொல்லப்படுவதன் முழுப் பயனும் அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பழனி மலை அதற்குத் தெளிவான சான்று.

இடம்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து கிழக்கே நீண்டு திண்டுக்கல் சமவெளியை நோக்கி இறங்கும் கிளை இது. உயரமான சிகரம் வந்தரவு, 2,553 மீட்டர். கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. ஊரைத் தாண்டி மேற்கே போனால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேல்மலைக் கிராமங்கள்.

மேல்தட்டின் இயற்கை அமைப்பைச் சொல்வது எளிது. மலை மடிப்புகளிலும் ஓடை பிறக்கும் பள்ளங்களிலும் சோலை எனப்படும் அடர்ந்த குட்டை மரக்காடு. மேட்டிலும் திறந்த சரிவிலும் புல். மார்கழி, தை இரவுகளில் திறந்தவெளியில் உறைபனி விழும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் அதில் கருகிப்போகும். புல்லோ மேலே காய்ந்தாலும் அடியில் உயிரை வைத்திருந்து மழை வந்ததும் துளிர்க்கும்.

இங்கே பெய்யும் மழை வடக்கே பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு வழியாகச் சண்முகநதிக்கும் அமராவதிக்கும் போகிறது. தெற்கே மஞ்சளாறாக இறங்கி வைகையில் சேர்கிறது. பழனி அடிவாரத்தில் நெல் நடுகிறவருக்கும், தேவதானப்பட்டிப் பக்கம் கிணறு வைத்திருப்பவருக்கும் தலைக்கு மேலே இருக்கும் இந்தப் புல்லோடு உறவு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (ஆங்கிலத்தில் வாட்டில்; சீகைக்காய்ச் செடி அல்ல) யூகலிப்டஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னிந்திய மலைகளுக்கு வந்துவிட்டன. விறகு வேண்டியிருந்தது. தோல் பதனிடுவதற்குச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. பிறகு செயற்கை இழை ஆலைகளுக்குக் கூழ்மரம் வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த சில பத்தாண்டுகளில் புல்வெளியின்மேல் பெரிய அளவில் நட்டார்கள். 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காடு ஆலைகளுக்கு மூலப்பொருள் தருவதற்காக இருப்பதல்ல என்ற திசைக்குத் திரும்பியது, நடுவதும் குறைந்தது. ஆனால் சீகை தானாகவே பரவக் கற்றுக்கொண்டுவிட்டது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நெருப்புப் பட்டாலோ வெளிச்சம் பட்டாலோ மொத்தமாக முளைத்து எழும். மனிதர் நடுவதை நிறுத்திய பின்பும் புல்வெளி சுருங்கிக்கொண்டே போனதற்குக் காரணம் இதுதான்.

ஒரே ஆண்டில் இரண்டு விடைகள்

புல்வெளி இயற்கையாக அமைந்ததா, அல்லது மனிதர் காட்டை எரித்ததால் உண்டானதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. எரித்ததால் வந்தது என்றால் மரம் நடுவது பரிகாரம். இயற்கையானது என்றால் மரம் நடுவதே அழிவு.

1938இல் இந்தக் கேள்விக்கு வனத்துறை அறிஞர்கள் இருவர் ஒரே ஆண்டில் எதிரெதிரான விடைகளை எழுதினார்கள். நீலகிரியை ஆராய்ந்த சி.ஆர். ரங்கநாதன், உறைபனியே மரத்தைத் தடுக்கிறது, ஆகவே புல்வெளி தன்னளவில் முழுமையான இயற்கை அமைப்பு என்றார். என்.எல். போர், நெருப்பும் மேய்ச்சலுமே காரணம் என்றார். இருவரும் கண்ணால் கண்டதை வைத்துத்தான் வாதாடினார்கள். இருவர் கண்டதும் உண்மை. பனியும் விழுகிறது, நெருப்பும் வைக்கப்பட்டது. மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்த வழக்கு என்றைக்கும் தீராது.

தீர்த்து வைத்தது முற்றிலும் வேறு துறை. நீலகிரியின் சதுப்புகளில் செடிகொடிகள் மக்கி அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிமண் இருக்கிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவையும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறையில் வேறுபடுகின்றன. ஆகவே அவற்றின் உடலில் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் சேரும் அளவும் வேறுபடும். கரிமண்ணின் ஒவ்வொரு அடுக்கிலும் அதை அளந்தால், அந்த அடுக்கு படிந்த காலத்தில் சுற்றிலும் புல் மிகுதியா, மரம் மிகுதியா என்று தெரிந்துவிடும். ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் இப்படி அளந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் வறண்ட காலத்திலேயே, இந்த உயரங்களில் புல் பரந்திருந்தது. பிறகு மழை கூடியபோது மரம் கூடியது, குறைந்தபோது மீண்டும் புல். கோடரியோடும் தீயோடும் மனிதர் வந்து காட்டை அழித்ததால் பிறந்த வெளி இது என்ற கூற்று அதற்குப் பிறகு நிற்கவில்லை. நெருப்புக்கு இதில் பங்கே இல்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

ரங்கநாதனுக்கும் சுகுமாருக்கும் இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள். நடுவில் 1971இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பிரான்சுவா பிளாஸ்கோ தென்னிந்திய மலைகளின் சோலைகளையும் புல்வெளிகளையும் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். பிரெஞ்சில் எழுதினார். பழனி மலைக்கே உரிய அரிய மரம் ஒன்றின் அறிவியல் பெயரில் பிளாஸ்கோவின் பெயர் இருக்கிறது. ஆனால் அதே மலையில் சீகை நட்டுக்கொண்டிருந்த வனவர்களில் எத்தனை பேருக்கு அந்த நூல் எட்டியிருக்கும்?

கிளன்மார்கனில் அளந்த நீர்

உதகமண்டலத்தில் உள்ள மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1968இல் நீலகிரியின் கிளன்மார்கன் பகுதியில் ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். இரண்டிலும் ஓடை நீரைச் சில ஆண்டுகள் அப்படியே அளந்தார்கள். 1972இல் ஒன்றில் மட்டும் புல்வெளியின்மேல் யூகலிப்டஸ் நட்டார்கள். மற்றொன்றைப் புல்லாகவும் சோலையாகவும் விட்டுவிட்டார்கள். பத்தாண்டு கொண்ட முதல் சுற்றில், மரம் நட்ட பக்கத்தின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, கட்டையிலிருந்து மீண்டும் தழையவிட்ட இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. கோடையில் ஓடையை வாழவைக்கும் மெல்லிய ஊற்று நீரும் சுருங்கியது.

இதைவிடத் தெளிவான சான்று என்ன வேண்டும்? அரசின் நிலையமே அரசு நிலத்தில் அளந்து எழுதியது. அது நீரியல் இதழ்களில் வெளிவந்து நீரியலாளர்களிடையே புகழ்பெற்றது. தாவரவியலாளர்கள் தாவரவியல் இதழ்களைப் படித்தார்கள். பழனி மலையில் ஓடை வற்றுகிறது என்று மனு எழுதிய ஊர்க்காரர்கள் இரண்டையும் படிக்கவில்லை.

சிகாகோவில் நூலகவியல் ஆசிரியராக இருந்த டான் சுவான்சன் 1986இல் இத்தகைய நிலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனாடு நோயைப் பற்றி ஒரு தொகுதிக் கட்டுரைகள் இருந்தன. மீன் எண்ணெய் இரத்தத்தின் பாகுத்தன்மையைக் குறைக்கிறது என்று வேறொரு தொகுதி இருந்தது. ஒரு தொகுதியைப் படித்தவர்கள் மற்றதைப் படிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்த அவர், மருத்துவர் இல்லாவிட்டாலும், மீன் எண்ணெய் அந்த நோய்க்கு உதவலாம் என்று ஊகித்தார். பின்னர் நடந்த மருத்துவச் சோதனை அதை ஆதரித்தது. அச்சில் வெளிப்படையாகக் கிடந்தும் யாரும் கண்டுபிடிக்காத அறிவு உண்டு என்பது அவர் காட்டிய பாடம். பழனி மலையின் நீர்க் கணக்கும் அப்படித்தான் கிடந்தது. கரிமண் ஆய்வையும் ஓடை ஆய்வையும் அருகருகே வைத்தால், இந்தப் புல்வெளி பழமையானது, அது போனால் தண்ணீரும் குறையும் என்ற இரண்டு வரியும் சேர்ந்து ஒரே வாதமாகிவிடும். தனித்தனியாக அவை இரண்டு துறைச் செய்திகள் மட்டுமே.

திருச்சியிலிருந்து வட்டக்கானலுக்கு

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பழனி மலையின் செடிகளுக்குப் பெயர் எழுதும் வேலை பழமையானது. ராபர்ட் வைட் 1836இல் இங்கே வந்து பட்டியலிட்டார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன் 1915 முதல் 1920 வரை நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் படங்களோடு வெளியிட்டார். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினர் தங்கள் கல்லூரியில் அருங்காட்சியகம் அமைத்தார்கள். அங்கே இருந்த லூயி ஆங்கிலேடு என்ற பிரெஞ்சுப் பாதிரியார் செடிகளைச் சேகரித்து வண்ணத்தில் வரைந்தார். 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினா தாவரக் கூடம் தொடங்கப்பட்டது. அதை நடத்திய கே.எம். மேத்யூ பாதிரியார் பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை 1999இல் மூன்று பகுதிகளாகக் கொண்டுவந்தார். உலர்த்தி ஒட்டிய மாதிரிகள், எடுத்த இடம், தேதி, உயரம் எல்லாம் அந்தத் தாவரக் கூடத்தில் இருந்தன.

ஆனால் உலர்ந்த மாதிரியை மண்ணில் ஊன்ற முடியாது. இந்த விதை எப்போது பழுக்கும், எத்தனை நாளில் முளைக்கும், எந்தப் பறவையின் வயிற்றில் போய் வந்தால் வேகமாக முளைக்கும், நாற்றாக எடுத்தால் பிழைக்குமா என்பதைத் தாவரக் கூடம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஆண்டுக்கணக்கில் ஒரே சோலையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட்டும் டான்யா பால்கரும் செய்தது அதைத்தான். இங்கிலாந்திலிருந்து வந்து தங்கிவிட்ட இந்த இணையர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்லர்; செடி வளர்க்கத் தெரிந்தவர்கள். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற சிறிய அமைப்பின் வழியாகப் பாம்பார் சோலையின் ஓரத்தில் சோலை மரங்களுக்கு நாற்றங்கால் வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து விதை பொறுக்கினார்கள்.

திருச்சியின் மாதிரித் தாளும் வட்டக்கானலின் நாற்றுப் பையும் சந்தித்த இடத்தில்தான் ‘இந்த மரம் இந்த மலைக்கு உரியது’ என்ற அறிவு ‘இந்த மரத்தை மீண்டும் வளர்க்கலாம்’ என்று மாறியது. தாவரப் பெயரில் பிழை இருந்தால் வேறு மலையின் மரத்தை நட்டுவிடுவார்கள். நாற்றங்கால் இல்லையென்றால் சரியான பெயர் தாளிலேயே நின்றுவிடும். 1985இல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் குழு, பள்ளி ஆசிரியர்கள், வனத்துறையினர், ஊரில் குடியேறியவர்கள், பூர்வீக ஊர்க்காரர்கள் என்று வெவ்வேறு வட்டத்தினர் ஒரே அறையில் உட்கார இடம் கொடுத்தது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய ஒரு கருத்து இங்கே கண்கூடு: நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும், புதுச் செய்தி எப்போதாவது சந்திக்கும் ஆளிடமிருந்துதான் வரும். கொடைக்கானல் சிறிய ஊர். மார்க்கெட்டில், பஸ் நிலையத்தில், பள்ளி விழாவில் பாதிரியாரும் தோட்டக்காரரும் ரேஞ்சரும் தவிர்க்க முடியாமல் எதிர்ப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். பெருநகரத்தில் இதே மூவர் இருபது ஆண்டு சந்திக்காமலே ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

வானத்திலிருந்து பார்த்தவர்கள்

செயற்கைக்கோள் படத்தில் சோலையும் பச்சை, முதிர்ந்த சீகையும் பச்சை. படத்தை மட்டும் நம்பினால் பழனி மலையில் காடு பெருகியிருக்கிறது என்றுகூட ஒருவர் அறிக்கை எழுதிவிடலாம். நாட்டின் வனப்பரப்புக் கணக்குகளில் நட்ட மரத்தோட்டமும் காடும் ஒன்றாகவே எண்ணப்படுவது இன்றும் தொடரும் குறை.

2018 ஆய்வுக் குழு 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலத்தின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை எடுத்துக்கொண்டது. எந்தப் பச்சை சோலை, எந்தப் பச்சை சீகை, எந்தப் பச்சை யூகலிப்டஸ் என்று பிரிப்பதற்குத் தரையில் நடந்து சரிபார்த்த புள்ளிகள் தேவை. அந்த மலையில் நெடுங்காலம் நடந்தவர்களின் நினைவும் தேவை. புல்வெளியில் மட்டுமே வாழும் நீலகிரி நெட்டைக்காலி போன்ற பறவைகளையும், சோலைக்குள் மட்டுமே வாழும் சிறு பறவைகளையும் பின்தொடர்ந்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தது தற்செயல் அல்ல. பறவை ஆய்வுக்காகப் போனவர்களுக்கு, தாங்கள் தேடும் பறவையின் நிலம் எங்கே காணாமல் போனது என்ற கேள்வி எழுந்தது. பறவையிலிருந்து படத்துக்குப் போனார்கள். படத்திலிருந்து மீண்டும் மலைக்கு வந்தார்கள்.

அடுத்த ஆண்டு இதே ஆய்வாளர்களில் பலர் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த தட்டுகள் முழுவதற்கும் கணக்கெடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி அந்நிய மரங்களிடம் போயிருந்தது.

வெட்டு என்றவர்கள், விடு என்றவர்கள்

இந்த ஆய்வின் மையம் இங்கே இருக்கிறது.

புல்வெளியின் மதிப்பு தெரிந்த பிறகு எல்லோருக்கும் தோன்றிய முதல் எண்ணம் ஒன்றே: அந்நிய மரங்களை வெட்டி அகற்றிவிட்டால் புல் திரும்பும். உணர்ச்சிக்கு இது பொருத்தமான முடிவு. மேடையில் சொல்ல எளிது. நீதிமன்றத்தில் கேட்கவும் எளிது; சென்னை உயர் நீதிமன்றமும் அந்நிய மரங்களை அகற்றுவது பற்றித் தொடர்ந்து விசாரித்து உத்தரவுகள் பிறப்பித்தது. மரத்துக்கு விலையும் உண்டு என்பதால் வெட்டுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

நாற்றங்கால்காரர்கள் கண்டது வேறு. பழைய பைன், சீகைத் தோப்புகளுக்குள் குனிந்து பார்த்தால், குறிப்பாகச் சோலைக்கு அருகில் இருப்பவற்றில், சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே எழுந்து நின்றன. மேலே உள்ள அந்நிய மரம் பனியைத் தடுத்தது. பறவைகளும் மரநாய்களும் பழம் தின்று விதையைக் கொண்டுவந்து போட்டன. எந்த மரத்தைப் பகை என்று எண்ணினார்களோ, அதன் நிழலில் பழைய சோலை திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே போய் மொத்தமாக வெட்டினால் என்ன ஆகும்? மரம் சாயும்போது கன்றுகள் நசுங்கும். திறந்த மண்ணில் பனி விழும். அதுவரை உறங்கிக் கிடந்த சீகை விதைகள் வெளிச்சம் கண்டு அடர்ந்து முளைக்கும். புல்லும் கிடைக்காது, சோலையும் கிடைக்காது. முன்பைவிட நெருக்கமான சீகைக் காடுதான் கிடைக்கும்.

வரைபடம் மட்டும் இருந்தால் இது தெரியாது, வரைபடத்துக்குத் தோப்பின் அடியில் நிற்கும் முழங்கால் உயரக் கன்று தெரியாது. நாற்றங்கால் மட்டும் இருந்தால் இது ஒரு சோலையோரத்துக் கதையாக நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்தபோது மலையை வகை பிரிக்க முடிந்தது. எஞ்சிய புல்வெளியில் சீகை இப்போதுதான் கால் ஊன்றுகிறது என்றால் அங்கேதான் முதலில் போக வேண்டும். இளங்கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். முதிர்ந்த தோப்புக்குள் சோலைக் கன்றுகள் வந்திருந்தால் அதைத் தொடக்கூடாது. எதுவும் வராத தோப்பு என்றால் பொறுத்துப் பார்த்து, சிறு துண்டுகளில் சோதித்து முடிவெடுக்கலாம். மூன்று இடங்களுக்கும் ஒரே உத்தரவு போடுவது பெரும் தவறு.

இதில் ஒரு வலி இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. முதிர்ந்த தோப்பைச் சோலையாக விட்டுவிடுவது என்றால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் இருந்த புல்வெளியைக் கைவிடுகிறோம் என்று பொருள். புல்வெளியை நேசிக்கும் பலருக்கு இது மனம் ஒப்பாத முடிவு. எனக்கும் கடினமாகவே இருந்தது. ஆனாலும் போனதைத் திரும்பப் பெறுவதற்குச் செலவிடும் பணத்தையும் ஆளையும், இன்னும் போகாமல் இருப்பதைக் காப்பதற்குச் செலவிடுவதுதான் நியாயம் என்று நம்புகிறேன். இன்று இழக்கப்படும் ஒரு சரிவின் புல்லை நாளை மீட்க, வெட்டுதல், பிடுங்குதல், புல் நாற்று வளர்த்தல், நடுதல், மீண்டும் முளைக்கும் சீகையை ஆண்டுதோறும் பிடுங்குதல் என்று முடிவில்லாத வேலை காத்திருக்கிறது.

அரசின் ஏடுகளும் மெல்ல மாறின. 2013இல் 608.95 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் மாநில விலங்கான வரையாட்டுக்காக 25 கோடி ரூபாயில் திட்டம் அறிவிக்கப்பட்டது. வரையாடு வாழ்வதே புல்வெளியையும் பாறையையும் நம்பித்தான் என்பதால் புல்வெளி மீட்பும் அதில் ஒரு பகுதி. மரம் இல்லாத இடத்தையும் காக்க வேண்டும் என்று அரசாணை சொல்வது இந்த மலைக்குப் புதிது, மகிழ்ச்சிக்குரியது.

வலையில் இன்னும் சேராதவர்கள்

இதுவரை சொன்ன எல்லோரிடமும் எழுத்து இருந்தது. நூல், கட்டுரை, வரைபடம், தாவர மாதிரி, மனு. எழுத்து இல்லாதவர்களிடம் இருக்கும் அறிவு இன்னும் வெளியிலேயே நிற்கிறது.

மேல்மலைக் கிராமங்களில் தலைமுறைகளாக மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சரிவில் சீகை முதலில் தலைகாட்டியது, எந்த ஓடை எப்போது கோடையில் நின்றது என்பதை அவர்கள் ஆண்டு எண் இல்லாமல் சொல்வார்கள்: பூம்பாறை குழந்தை வேலப்பர் தேர் ஓடிய ஒரு வருடத்தையோ, பெருமழை பெய்த ஒரு வருடத்தையோ, வீட்டில் ஒரு பிள்ளை பிறந்ததையோ வைத்துச் சொல்வார்கள். அவற்றைப் பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒட்டிப் பார்ப்பது கடினமான வேலை அல்ல. பொறுமையும், எதிரில் இருப்பவரை அறிந்தவராக மதிக்கும் மனமும் போதும். தலைச்சுமையாக விறகு எடுத்த பெண்களுக்கும் சீகையைப் பற்றித் தெரிந்தது அதிகம். ஈர மண்ணில் எந்த உயரம் வரை கன்று கையோடு வரும், எதற்கு மேல் கத்தி வேண்டும் என்பது நாளுக்கு எத்தனை ஆள் கூலி என்ற கணக்கையே மாற்றும் தகவல். இத்தகைய பணிகளில் அவர்கள் கூலிக்கு அழைக்கப்படுகிறார்கள். திட்டம் தீட்டும் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை. ஆய்வு முடிவுகள் தமிழில் அவர்கள் கைக்கு வருவதும் இல்லை. இது வெறும் மரியாதைக் குறைவு என்று நினைத்தால் தவறு. வலையின் ஒரு முனை அறுந்து கிடக்கிறது. அந்த முனையில் தொங்கும் கேள்வி மிகப் பெரியது.

அந்தக் கேள்வி நெருப்பு. மேய்ப்பர்கள் காய்ந்த புல்லைச் சிறு சிறு துண்டாக, பருவம் பார்த்து எரித்தார்கள். புதுத் துளிர் வரும், முள்ளும் புதரும் அடங்கும் என்பது அவர்கள் அனுபவம். நீலகிரியின் தோடர்களும் இதையே சொல்கிறார்கள். வனச் சட்டம் அதைக் குற்றம் என்றது. 2018 மார்ச் 11 அன்று பக்கத்து மலையான குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்து உயிர்களைப் பறித்த பிறகு, எரிப்பது பற்றிப் பேசவே யாரும் துணிவதில்லை. அந்த அச்சம் நியாயமானது. மறுபக்கம், சீகை விதை மண்ணில் இருக்கும் இடத்தில் நெருப்பு வைப்பது சீகையை அழைப்பதற்குச் சமம் என்று தாவர ஆய்வு சொல்கிறது. அதுவும் உண்மை. மேய்ப்பர் அறிந்த நெருப்பு சீகை வருவதற்கு முந்தைய புல்வெளியின் நெருப்பு. ஆய்வாளர் எச்சரிக்கும் நெருப்பு சீகை வந்த பின்னுள்ள மண்ணின் நெருப்பு. 1938இல் ரங்கநாதனும் போரும் நின்ற அதே நிலையில் இந்த இரண்டு அறிவும் இன்று எதிரெதிரே நிற்கின்றன. இம்முறை ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருக்க மேல்தட்டில் புல் மிச்சமிருக்காது.

செய்யக்கூடியது இருக்கிறது. மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்தில் சீகை விதை இன்னும் விழாத ஒரு சரிவையும், விழுந்த ஒரு சரிவையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் சிறு துண்டுகளை வனத்துறையின் கண்காணிப்பில், தீத்தடுப்புக் கோடு வெட்டி, மேய்ப்பர்கள் சொல்லும் பருவத்தில் எரித்துப் பார்க்கலாம். பக்கத்தில் எரிக்காத துண்டுகளையும் விட்டுவைக்க வேண்டும். என்ன முளைக்கிறது என்பதை ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு எண்ண வேண்டும், பதிவேடு தமிழில் ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு படி இருக்க வேண்டும். துண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் வரைபடம் வைத்திருப்பவரும் மாடு வைத்திருப்பவரும் ஒரே சரிவில் நிற்க வேண்டும். அந்த நாளைக் குறிக்கும் அதிகாரம் வனத்துறையிடம் இருக்கிறது. பனிக்காலத்துக்கு முன்பே அதைக் குறித்தால், அடுத்த கோடை தொடங்கும்போது முதல் கணக்கு கையில் இருக்கும்.